கறுப்பு வெள்ளைச் சதுரத்துக்குள் ஒரு வரலாற்று வகுப்பு



சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய ‘வரலாற்றுப் புதையல் வேட்டை’ பற்றிய விளக்கத்தை எழுத்தில் தரும்படி பெற்றோர் பலர் கேட்டிருந்தீர்கள். எண்களும் ஆண்டுகளும் நிறைந்த ஒரு விடயத்தைக் காதால் கேட்டு நினைவில் வைத்திருப்பது கடினம். ஆகவே அந்தப் பேச்சை விரிவாக்கி, செய்முறையோடு இங்கே தருகிறேன். பிரான்காச்சோவில் நடக்கும் எமது ஞாயிறு வகுப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு நகரங்களில் வாழும் நேயர்கள் தத்தம் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், இது ஏன் வேண்டும் என்று பார்ப்போம்.

எங்கள் வீடுகளில் கணக்குப் பாடத்துக்கு அப்பாவோ அம்மாவோ உதவி செய்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் படித்த பின்னமும் வீதமும் பலெர்மோவிலும் அதேதான். ஆனால் வரலாறு அப்படியல்ல. மேடியாவின் மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது, எழுத்துப் பரீட்சைகளுக்குப் பிறகு வாய்மொழிப் பரீட்சை ஒன்றும் இருக்கிறது. வரலாறு அங்கேதான் வந்து நிற்கும். பிள்ளை இத்தாலியப் புத்தகத்தைத் திறந்து வைத்துத் தனியாக மனனம் செய்கிறது. பெற்றோர் பக்கத்து அறையில் சத்தமில்லாமல் இருக்கிறார்கள். ‘எங்களுக்கு உது விளங்காது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே பிள்ளைதான் வைத்தியரிடமும், கொமூனே அலுவலகத்திலும், சொஜோர்னோ புதுப்பிக்கும் வரிசையிலும் பெற்றோருக்காக மொழிபெயர்க்கிறது. பத்து வயதில் பெரியவரின் வேலையைச் செய்யும் பிள்ளைக்கு, ‘அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது’ என்ற எண்ணம் மெல்ல மெல்ல வந்துவிடுகிறது. அது உண்மையல்ல. அவர்களுக்குத் தெரிந்த வரலாறு பிள்ளையின் பாடப் புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் சொல்லும் வேட்டையின் நோக்கம் ஒன்றே ஒன்று. பிள்ளை பெரியவர் இல்லாமலும், பெரியவர் பிள்ளை இல்லாமலும் அதை முடிக்க முடியாதபடி அமைப்பது. தொலைபேசியும் சதுரக் குறியும் அதற்கான கருவிகள் மட்டுமே.

இந்தச் சதுரம் என்பது என்ன?

கியூஆர் குறி என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் 1994இல் ஜப்பானில் பிறந்தது. வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் டென்சோ குழுமத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியியலாளரும் அவருடைய சகாக்களும் இதை உருவாக்கினார்கள். அதற்கு முன் கடைப் பொருட்களில் இருப்பது போன்ற கோட்டுக் குறிதான் தொழிற்சாலைகளில் பயன்பட்டது. அதில் கொஞ்ச எழுத்துகளே அடங்கும் என்பதால், ஒரே பெட்டியில் பல குறிகளை ஒட்டி ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியிருந்தது. கோடு ஒரு திசையில் மட்டும் செய்தியைச் சுமக்கிறது. சதுரம் நெடுக்காகவும் குறுக்காகவும் சுமக்கிறது. அதனால் அதே இடத்தில் பல மடங்கு அடங்குகிறது.

சதுரத்தின் மூன்று மூலைகளில் பெரிய கட்டங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் சரித்துப் பிடித்தாலும், தலை எது கால் எது என்று தொலைபேசி அவற்றைக் கொண்டே அறிகிறது. குறியின் ஒரு பகுதி கறைபட்டாலும் கிழிந்தாலும் மிச்சத்தைக் கொண்டு முழுச் செய்தியையும் மீட்கும் வசதியும் உண்டு. அந்தப் பாதுகாப்பு நான்கு நிலைகளில் கிடைக்கிறது. மிகக் குறைந்த நிலையில் ஏறக்குறைய 7 வீதம் பழுதைத் தாங்கும், மிகக் கூடிய நிலையில் ஏறக்குறைய 30 வீதம். இதை உருவாக்கிய நிறுவனம் காப்புரிமை பெற்றும் அதைக் காட்டிப் பொதுமக்களிடம் பணம் கேட்கவில்லை. அதனால்தான் இது உலகம் முழுவதும் பரவியது. 2021இல் கொரோனா காலத்துக் கிறீன் பாஸில் இதை நாம் எல்லோரும் காவித் திரிந்தோம். இன்று வீட்டுக்கு வரும் கட்டணச் சீட்டிலும் இதுதான் இருக்கிறது.

எம்மவரில் பலர் நினைப்பது போல, இந்தக் குறிக்குள் இணைய முகவரிதான் இருக்கவேண்டும் என்றில்லை. வெறும் எழுத்தையும் நேரடியாக வைக்கலாம். அப்படி வைத்தால் வாசிப்பதற்கு இணையத் தொடர்பு தேவையில்லை. எந்தத் தளமும் மூடப்பட்டால் என்ன செய்வது என்ற கவலையும் இல்லை. எமது வேட்டைக்கு அதுவே போதும்.

இரண்டு கற்கள் சொல்லும் பாடம்

செய்முறைக்கு முன், ஒரே விடயத்தைப் பல மொழிகளில் எழுதுவது பற்றி இரண்டு பழைய கற்களைச் சொல்லவேண்டும்.

பலெர்மோவில் சீசா மாளிகையின் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. மன்னன் இரண்டாம் ருஜ்ஜேரோவின் அரசவையைச் சேர்ந்த கிரிசாந்தோ என்ற குரு, தன் தாய் அன்னாவுக்காக 1149இல் வைத்தது. அதில் இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய எழுத்துகளோடு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபும் இருக்கிறது. அந்த நாளில் இந்த ஊரில் வாழ்ந்த ஒவ்வொரு மக்களும் தங்கள் எழுத்தில், தங்கள் ஆண்டுக் கணக்கில் அந்தத் தாயின் இறப்பை வாசிக்கலாம்.

மற்றக் கல் எங்கள் தீவில் உள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடையது. 1409ஆம் ஆண்டுக் கணக்குப் பொறித்த அந்தக் கல் 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். இந்த மூன்றும் ஒன்றின் ஒன்று மொழிபெயர்ப்பு அல்ல என்பதுதான் முக்கியம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனுக்குச் சொல்கிறது.

எங்கள் வேட்டைக்கும் இதே முறைதான். ஒரு கேள்வியை எழுதி அதையே இரண்டு மொழிகளிலும் கொடுத்தால், பிள்ளை இத்தாலியத்தை வாசித்துவிட்டு ஓடிவிடும். பெரியவர் பின்னால் நடந்து வருவார். அப்படிச் செய்யக்கூடாது.

மாற்றிப் போடும் விதி

இத்தாலிய வரலாற்றுக் கேள்வியைத் தமிழில் எழுதுங்கள். தமிழர் வரலாற்றுக் கேள்வியை இத்தாலியத்தில் எழுதுங்கள்.

இவ்வளவுதான் விதி. இத்தாலிய வரலாற்றின் விடை பிள்ளையின் பாடப் புத்தகத்திலும் தலையிலும் இருக்கிறது. ஆனால் கேள்வி தமிழில் இருப்பதால் பெரியவர் பொருள் சொல்லவேண்டும். தமிழர் வரலாற்றின் விடை பெரியவரிடம் இருக்கிறது. ஆனால் கேள்வி இத்தாலியத்தில் இருப்பதால் பிள்ளை விளக்கவேண்டும். வாசிக்கத் தெரிந்தவருக்கு விடை தெரியாது, விடை தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியாது. இருவரும் பேசித்தான் ஆகவேண்டும்.

தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடிய பிள்ளை என்றால் பிள்ளையே வாசிக்கட்டும், பெரியவர் பொருளை மட்டும் சொல்லட்டும். வேட்டைக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே பெரியவர்களுக்கு அரைப்பக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பெரியவருக்கும் எல்லா ஆண்டும் நினைவில் இருக்கவேண்டும் என்றில்லை. அவர்களுக்கும் இது மீட்டல்தான்.

எட்டுத் தாள்கள்

ஒவ்வொரு தாளிலும் ஒரு சதுரக் குறியும், மேலே பெரிதாக ஓர் எண்ணும் இருக்கும். எண்கள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக இராது. ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஓர் ஆண்டு. அந்த ஆண்டின் இலக்கங்களைக் கூட்டினால் அடுத்த தாளின் எண் வரும். நான் அமைத்த சங்கிலி இது:

தாள் 2, கேள்வி தமிழில்: 827இல் சிசிலியின் மசாராவில் இறங்கிய அரபுப் படை, பலெர்மோவைக் கைப்பற்றியது எந்த ஆண்டு? விடை 831. கூட்டினால் 12.

தாள் 12, கேள்வி இத்தாலியத்தில்: தமிழும் சீனமும் பாரசீகமும் பொறித்த காலிக் கல்லில் உள்ள ஆண்டு எது? விடை 1409. கூட்டினால் 14.

தாள் 14, கேள்வி தமிழில்: மரெதோல்சே மாளிகையைத் தன் உல்லாச மாளிகையாக்கிய இரண்டாம் ருஜ்ஜேரோ சிசிலியின் அரசனாக முடிசூடியது எந்த ஆண்டு? விடை 1130. கூட்டினால் 5.

தாள் 5, கேள்வி இத்தாலியத்தில்: போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனைப் பிடித்து யாழ்ப்பாண இராச்சியத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது எந்த ஆண்டு? விடை 1619. கூட்டினால் 17.

தாள் 17, கேள்வி தமிழில்: கரிபால்டியின் படை அம்மிராலியோ பாலத்தில் சண்டையிட்டு பலெர்மோவுக்குள் நுழைந்தது எந்த ஆண்டு? விடை 1860. கூட்டினால் 15.

தாள் 15, கேள்வி இத்தாலியத்தில்: யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது எந்த ஆண்டு? விடை 1981. கூட்டினால் 19.

தாள் 19, கேள்வி தமிழில்: பாத்ரே பீனோ புல்யீசி பிரான்காச்சோவில் கொல்லப்பட்டது எந்த ஆண்டு? விடை 1993. கூட்டினால் 22.

தாள் 22, கேள்வி இத்தாலியத்தில்: முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு பெற்றது எந்த ஆண்டு? விடை 1010. கூட்டினால் 2.

கடைசித் தாள் மீண்டும் முதல் தாளுக்குக் கொண்டுவந்து விடுகிறது. ஆகவே எந்தத் தாளில் தொடங்கினாலும் வட்டம் முழுமையாகும். நான்கு குழுக்கள் என்றால் 2, 14, 17, 19 ஆகிய தாள்களில் ஒவ்வொரு குழுவைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் கூட்டம் சேராது. ஒரு குழுவின் பின்னால் மறு குழு போய் விடையைத் திருடவும் முடியாது. தமிழ்க் கேள்வியும் இத்தாலியக் கேள்வியும் மாறி மாறி வருவதால், எந்த நேரத்திலும் ஒருவர் சும்மா நிற்கமாட்டார்.

தவறும் பாடம் சொல்லட்டும்

சுவரில் எட்டுத் தாள்கள் மட்டும் இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள். அதற்காக மேலும் நான்கு தாள்களைத் தொங்கவிடுங்கள். இவை பொய்த் தாள்கள். ஆனால் வெறுமனே ‘பிழை’ என்று சொல்பவை அல்ல. பிள்ளைகள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் ஆண்டுகளை எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையை அந்தத் தாள்களுக்கு எண்ணாக இட்டிருக்கிறேன்.

தாள் 10: ‘1072 என்று எழுதினீர்களா? அது நோர்மன்கள் பலெர்மோவைப் பிடித்த ஆண்டு. முடிசூட்டு விழா அதற்கு 58 ஆண்டுகள் பின்னர்.’

தாள் 11: ‘1505 போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த ஆண்டு என்று பாடப் புத்தகம் சொல்கிறது. யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்.’

தாள் 16: ‘1861 இத்தாலி இராச்சியம் பிரகடனமான ஆண்டு. கரிபால்டி பலெர்மோவுக்கு வந்தது அதற்கு முந்திய ஆண்டு.’

தாள் 21: ‘1992 நீதிபதிகள் பல்கோனேயும் பொர்செல்லீனோவும் கொல்லப்பட்ட ஆண்டு. 1983 கறுப்பு யூலை நடந்த ஆண்டு. இரண்டின் கூட்டுத்தொகையும் 21. எந்தக் கேள்வியிலிருந்து வந்தீர்கள் என்று திரும்பிப் பாருங்கள்.’

பிழையாக வந்த பிள்ளை இன்னோர் ஆண்டையும் கற்றுக்கொண்டு திரும்புகிறது. பரீட்சையில் பக்கத்துப் பக்கத்து ஆண்டுகளைக் குழப்புவதுதான் வழமை என்பதால், இந்த நான்கு தாள்களும் மற்ற எட்டுத் தாள்களுக்குச் சமமான பயன் தரும்.

கணக்கு வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்கிறேன். இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. 1860ஐ 1806 என்று இடம் மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 15தான். 1619ஐ 1691 என்று எழுதினாலும் 17தான். ஐந்தொகை சமப்படாதபோது, வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போம். வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிப்போம். 1860க்கும் 1806க்கும் வித்தியாசம் 54, அதாவது ஆறு ஒன்பதுகள். ஆகவே விடைத்தாளில் கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல், ஆண்டையும் அந்த ஆண்டில் என்ன நடந்தது என்ற ஒரு வரியையும் எழுதச் சொல்லுங்கள். இதே காரணத்தால்தான் முதல் கேள்வியில் 827 என்ற ஆண்டை நானே சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால், 827 என்று எழுதும் குழு 17 என்ற உண்மையான தாளுக்கே போய்ச் சேர்ந்துவிடும். பிழை வெளியே தெரியாது.

குறிகளை ஆக்கும் முறை

இணையத்தில் இந்தக் குறியை இலவசமாக ஆக்கித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே ‘எழுத்து’ என்ற வகையைத் தெரிவு செய்யுங்கள். சில தளங்கள் உங்கள் செய்தியைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, குறிக்குள் தங்கள் முகவரியை மட்டும் வைக்கும். இலவசக் காலம் முடிந்ததும் அந்தக் குறி வேலை செய்யாமல் போகும். உருவாக்கிய குறியைத் தொலைபேசியால் வாசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய கேள்வியே நேராகத் தெரிந்தால் நல்லது. ஏதாவது முகவரி தெரிந்தால் அதைக் கைவிடுங்கள்.

தமிழ்க் கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உரோமாபுரியை இத்தாலியத்தில் எழுத நான்கு எழுத்துகள், கணினிக்கு அவை நான்கு பைட். ஆனால் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 15 பைட் வேண்டும். த, ம, இகர விசிறி, ழ, மேலே உள்ள புள்ளி என்று ஐந்து உறுப்புகளாகக் கணினி அதை எண்ணுகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகவே நீளமான தமிழ்க் கேள்வியை வைத்தால் சதுரத்தில் புள்ளிகள் நெருங்கி, பழைய தொலைபேசிகள் வாசிக்கத் திணறும். அறுபது, எழுபது எழுத்துகளுக்குள் ஒரு கேள்வியை முடித்துவிடுங்கள்.

அச்சிடும்போது சதுரம் 7 அல்லது 8 சென்ரிமீற்றர் அகலம் இருக்கட்டும். எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்கிறோமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது பொதுவான அளவு. சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். பூவேலையோ நிறமோ வேண்டாம், வெள்ளைத் தாளில் கறுப்பு மை போதும். பளபளக்கும் பிளாஸ்ரிக் உறை போட்டால் மின்விளக்கின் வெளிச்சம் தெறிக்கும்.

முதல் நாளே எல்லாத் தாள்களையும் இரண்டு மூன்று வகைத் தொலைபேசிகளால் சோதியுங்கள். சில தொலைபேசிகள் வெறும் எழுத்தைக் கண்டதும் ‘இணையத்தில் தேடவா?’ என்று கேட்கும். அப்படியானால் குறி வாசிக்கும் தனிச் செயலியைத் திறக்கவேண்டும். தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ வந்தால், வேறு தளத்தில் குறியை மீண்டும் ஆக்குங்கள். அத்தோடு, பன்னிரண்டு தாள்களின் உள்ளடக்கத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி ஆசிரியர் கையில் வைத்திருக்கட்டும். மின்கலம் தீர்ந்தாலும் வகுப்பு நிற்காது.

ஒரு மணி நேரம்

இத்தாலியப் பள்ளிகளில் இப்போது தொலைபேசி பற்றிய கட்டுப்பாடு இறுக்கமானது என்பதை மறக்கவேண்டாம். 2024 யூலையில் கல்வி அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கையின்படி மேடியா வரையான வகுப்புகளில் கற்பித்தலுக்குக்கூடப் பிள்ளைகள் தொலைபேசி பயன்படுத்துவதில்லை. 2025 செப்டெம்பரில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளின் பாட நேரத்துக்கும் தடை வந்தது. எமது ஞாயிறு வகுப்பு அரசாங்கப் பள்ளி அல்ல. ஆனாலும் கிழமையில் ஐந்து நாள் ஒரு பழக்கமும் ஞாயிறில் இன்னொரு பழக்கமும் பிள்ளைக்கு வேண்டாம். ஆகவே குழுவுக்கு ஒரு தொலைபேசி மட்டும், அதுவும் பெரியவர் கையில். பேனா பிள்ளை கையில்.

குழுவில் ஒரு பெரியவரும் மூன்று அல்லது நான்கு பிள்ளைகளும் போதும். சொந்தப் பெற்றோரும் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு வீட்டு மாமாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்கும்போது பிள்ளைகள் இன்னும் ஆர்வமாகக் கேட்பதும் உண்டு.

முதல் 10 நிமிடம் விளக்கத்துக்கு. அடுத்த 35 நிமிடம் வேட்டைக்கு, ஒரு தாளுக்கு நான்கு நிமிடம் அளவில் வரும். கடைசி 15 நிமிடம் எல்லோரும் உட்கார்ந்து விடைகளைக் காலவரிசையில் அடுக்கவேண்டும். இந்த அடுக்கலை விட்டுவிட்டால் பிள்ளைக்குச் சிதறிய எண்களே மிஞ்சும். அடுக்கிப் பார்த்தால், தஞ்சையில் பெரிய கோயில் எழுந்த காலத்தில் பலெர்மோவில் அரபு அமீர்கள் ஆண்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு வரலாறும் ஒரே கயிற்றில் தொங்கும்.

ஓட்டம் நிற்கவேண்டிய இரண்டு தாள்கள்

15ஆம் தாளும் 19ஆம் தாளும் போட்டிக்குரியவை அல்ல. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

1981 மே 31 இரவு தொடங்கி யூன் 1 வரை எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் அதில் போயின. குழுவில் இருக்கும் பெரியவர் அதைக் கண்ணால் கண்டவராக இருக்கலாம். 1993 செப்டெம்பர் 15, தன்னுடைய 56ஆவது பிறந்தநாளில், பாத்ரே புல்யீசி தன் வீட்டு வாசலில் மாபியாவால் சுட்டுக் கொல்லப்பட்டார். சான் கெயத்தானோ பங்கின் குருவாக இருந்த அவர், தெருவில் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்துப் பாத்ரே நோஸ்த்ரோ நிலையத்தைத் தொடங்கினார். பிரான்காச்சோவுக்கு ஒரு மேடியாப் பள்ளி வேண்டும் என்று அயராமல் கேட்டார். 2013 மே 25 அன்று பலெர்மோவில் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

ஒன்று புத்தகங்களை எரித்த கதை. மற்றது பள்ளிக்கூடம் கேட்டவரைக் கொன்ற கதை. இந்த இரண்டு தாள்களிலும் நேரக் கணக்கை நிறுத்துங்கள். ‘இதனால் யார் எதை இழந்தார்கள்?’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகரட்டும். பெரியவர் சொல்ல விரும்பினால் பிள்ளைகள் கேட்கட்டும். ‘பிறகு சொல்கிறேன்’ என்று அவர் சொன்னால் அதையும் விடையாக ஏற்கவேண்டும். வற்புறுத்தக்கூடாது. எங்களில் பலருக்கு ஆறாத காயங்கள் இருக்கின்றன.

வகுப்பிலிருந்து வெளியே

வகுப்பறை வேட்டை முடிந்த ஒரு ஞாயிறில் பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்லுங்கள். மரெதோல்சே மாளிகை பிரான்காச்சோவிலேயே இருக்கிறது. அரபுக் காலத்தில் தொடங்கி நோர்மன் மன்னர்கள் விரிவாக்கிய அந்த மாளிகையை மூன்று பக்கமும் சூழ்ந்து ஒரு செயற்கை ஏரி இருந்தது. கிறிஃபோனே மலையடி ஊற்றுநீரை அணை கட்டித் தேக்கினார்கள். ‘இனிய நீர்க் கடல்’ என்ற பெயர் அதனால் வந்தது. இன்று ஏரி இல்லை. அதன் படுக்கையில் பழமரங்கள் நிற்கின்றன. 2015இல் தோட்டங்களுக்கான கார்லோ ஸ்கார்ப்பா பரிசு இந்த இடத்துக்குக் கிடைத்தது.

இங்கே பெரியவர்கள் ஆசிரியர்கள் ஆகிவிடுவார்கள். குளக்கட்டு எப்படி நிற்கும், வான் எப்போது பாயும், துருசு எங்கே இருக்கும் என்று வன்னியில் வளர்ந்தவரை விட யார் நன்றாகச் சொல்வார்? நோர்மன்கள் இங்கே ஆண்ட அதே 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரம் பெரிதாக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அங்கிருந்து கோர்சோ தெய் மில்லே வழியாகப் போனால் அம்மிராலியோ பாலம். 12ஆம் நூற்றாண்டுப் பாலம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒரெத்தோ ஆற்றைத் திசை திருப்பிவிட்டதால் இப்போது அதன் கீழே தண்ணீர் ஓடுவதில்லை. ‘ஆறில்லாத இடத்தில் ஏன் பாலம்?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நல்ல வரலாற்றுக் கேள்வி அது. பழைய கட்டடங்களில் ஒரு குறியையும் ஒட்டக்கூடாது. தாள்களைக் கையில் கொண்டுபோங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, தெருவில் ஒட்டியிருக்கும் எந்தச் சதுரத்தையும் வாசிக்கலாம் என்ற பழக்கம் பிள்ளைக்கு வரக்கூடாது. வாகனத் தரிப்பிடக் கட்டணப் பொறிகளில் உண்மையான குறியின் மேல் பொய்க் குறியை ஒட்டிப் பணம் பறிக்கும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. முகவரி ஒன்று வந்தால், திறப்பதற்கு முன் அதை வாசித்துப் பார்க்கவேண்டும். வங்கி விபரம் கேட்டால் மூடிவிடவேண்டும். இந்த வேட்டையிலேயே அதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது எங்கள் சமூகத்துக்கே உரியது. ‘எங்கள் குடும்ப வரலாறு’ என்று ஒரு வேட்டை செய்ய ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் சதுரக் குறி பூட்டு அல்ல. தாளைப் படம் எடுத்த எவரும் உள்ளே இருப்பதை வாசிக்கலாம். ஆகவே வந்த வழி, அகதி விண்ணப்ப விபரம், ஊரில் இருக்கும் உறவினர் பெயர், பிள்ளைகளின் முழுப்பெயர் எதையும் குறிக்குள் வைக்கவேண்டாம். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால் சுவருக்குப் பன்னிரண்டு தாள்கள், விடைக்கு நான்கு தாள்கள், ஒட்டுநாடா ஒரு சுருள். எமது வகுப்புகளுக்கு இது பாரமாகாது. உழைப்பு கேள்வி எழுதுவதில்தான் இருக்கிறது. தமிழ்க் கேள்வியைத் தமிழ் ஆசிரியரும், இத்தாலியக் கேள்வியை இங்கே படித்து வளர்ந்த இளையவர் ஒருவரும் சரிபார்க்கட்டும். அந்த இளையவருக்கும் அது ஒரு மீட்டலாக இருக்கும்.

வேறு ஊர்களில் உள்ள நேயர்கள் உங்கள் தெருவில் இருக்கும் பழைய பாலத்தையோ தேவாலயத்தையோ எடுத்து, அதற்கு ஈடாக எங்கள் வரலாற்றில் ஓர் ஆண்டைத் தேடுங்கள். கூட்டுத்தொகைகள் மோதாமல் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சங்கிலியை நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், வரும் மாதங்களில் ஒலிபரப்பில் வாசிக்கிறோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.